தொடுமாடு

அரசரெத்தினம் மாஸ்டர் மாடு வளர்க்கக் கற்றுக்கொள்ள உதுமாலெவ்வையிடம் போனபோது மாஸ்டருக்கு வயது அறுபத்தொன்று. உதுமாலெவ்வைக்கு முப்பத்தொன்பது.

குருந்தையடிமடுவில் இதைக் கேட்டுச் சிரிக்காத ஆள் இல்லை. ஆறாம் வகுப்பில் உதுமாலெவ்வைக்குக் கணக்குப் படிப்பித்தவர் மாஸ்டர்தான். பின்னம் வராமல் கரும்பலகை முன்னால் விழித்துக்கொண்டு நின்ற பையனிடம், "நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்று வகுப்பே கேட்கச் சொன்னவரும் அவர்தான்.

மாஸ்டர் வாசல் படலையைத் தள்ளிக்கொண்டு மாட்டுப் பட்டிக்குள் வந்தபோது, உதுமாலெவ்வை குந்தியிருந்து ஒரு கன்றின் காதில் உண்ணி பிடுங்கிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"வாங்க சேர். பின்னம் இன்னும் வரல்ல."

 மாஸ்டர் செருப்பில் ஒட்டிய சாணியைப் புல்லில் தேய்த்தார்.

"அது அந்தக் காலத்தில் வாய்தவறிச் சொன்னது."

"நான் குறையா சொல்லல்லியே. நீங்க சொன்னத அப்படியே கேட்டு நடந்த ஒரே ஆள் நான்தான். மத்தவனெல்லாம் கட்டார், சவூதியெண்டு போயிட்டான்."

பிடுங்கிய உண்ணியைக் கல்லில் வைத்து நசுக்கிவிட்டு எழுந்தார்.

"கேள்விப்பட்டன் சேர். ஏழும் போயிட்டாமே."

ஏழும் போய்விட்டன. ஓய்வுபெற்ற கையோடு மாஸ்டர் மலைநாட்டிலிருந்து ஏழு கலப்புப் பசுக்களை லொறியில் இறக்கியிருந்தார். ஏழும் பார்க்க யானைக் குட்டி மாதிரி இருந்தன. ஊரே வந்து பார்த்தது. பெரிய பசுக்களுக்கு அதைவிடப் பெரிய காளை ஒன்றைத் தேடிப் பிடித்துச் சேர்த்தார். அடுத்த மாரி முடிவதற்குள் இரண்டை உண்ணிக் காய்ச்சல் கொண்டுபோனது. மூன்று, கன்று வெளியே வர முடியாமல் செத்தன. மிச்சம் இரண்டும் எலும்பாகிப் போக, வந்தவனிடம் பிடித்துக் கொடுத்தார்.

மாஸ்டரின் மனைவி தவமணி அன்றைக்கே இரண்டு பெட்டிகளை எடுத்துத் தூசி தட்டினார். மகன் நிரோஷன் கொழும்பில், வெள்ளவத்தையில் நாலாம் மாடியில் இருந்தான். அறை ஒழித்து வைத்திருக்கிறேன், இரண்டு பேரும் வந்துவிடுங்கள் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் சொல்வான். மாஸ்டருக்கு நாலாம் மாடி என்றாலே மூச்சு முட்டும். ஆற்றோரம் அப்பா விட்டுப்போன நாலு ஏக்கர் புல்தரை இருந்தது. அதில் மாடு நிற்காவிட்டால் தான் எதற்கு இங்கே நிற்பது என்று தன்னையே கேட்டுக்கொள்வார்.

"இன்னும் ஒரு தரம் பார்ப்பம்" என்று கேட்டார்.

"ஒரே ஒரு தரம்" என்றார் தவமணி. "அதுவும் உங்கட புத்தியில வேண்டாம். தெரிஞ்ச ஆளிட்டப் போய்க் கேளுங்க."

அப்படித்தான் மாஸ்டர் அந்தப் படலையைத் தள்ளியது.

உதுமாலெவ்வையின் பட்டி இறைச்சிக்கான பட்டி. ஊரில் நிற்கும் சிறிய நாட்டுப் பசுக்களோடு சாகிவால் இனக் காளையைச் சேர்த்து, பிறந்ததில் நல்லதை நிறுத்தி, அதற்கு வேறு காளையைச் சேர்த்து, பதினாறு வருஷத்தில் அவர் உண்டாக்கியது. கன்று போடாத இளம் பசுக்களை நாகு என்பார்கள். அவை பட்டியில் நிற்கும். இளங்காளைகளை நாம்பன் என்பார்கள். அவை இரண்டரை வயதில் இறைச்சிக்குப் போகும்.

மாஸ்டரின் முதல் கேள்வி அதைப் பற்றித்தான்.

"விற்கும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்காதா?"

"இரிக்கும்."

"பிறகு?"

"கஷ்டமா இரிக்கெண்டு மெலிய விடுறல்ல."

அந்தப் பட்டிக்கு ஒரு வழக்கம் இருந்தது. இரண்டு மாரியும் இரண்டு கோடையும் கூலி வாங்காமல் பட்டியில் நின்று வேலை செய்தவர், விதைப்புக் காலத்தில் பட்டி மேட்டுநிலத்துக்குக் கிளம்புவதற்கு முன், தான் விரும்பிய ஒரு பசுவை எடுத்துக்கொள்ளலாம். சுண்ணாம்பில் கையை நனைத்து அதன் இடுப்பில் வைக்க வேண்டும். எந்த மாட்டில் கை பட்டதோ அது, கன்றோடு அவருடையது. அதைத் தொடுமாடு என்பார்கள். கை பட்ட பிறகு மாற்ற முடியாது. தொடும் நாளில், கை படும்வரை பட்டிக்காரர் வாய் திறக்கவும் கூடாது.

"எந்த மாட்டையுமா?" என்று மாஸ்டர் கேட்டார்.

"எந்த மாட்டையும்."

"உங்களுடைய மிக நல்ல பசுவைத் தொட்டால்?"

"தொடுங்க. எது எண்டு தெரிஞ்சா."

வரும்போது மாஸ்டர் 'நீ' என்றுதான் பேச நினைத்திருந்தார். அந்தப் பதிலுக்குப் பிறகு 'நீங்கள்' தானாக வந்துவிட்டது.

பட்டியில் நாற்பத்து மூன்று பசுக்கள் நின்றன. மாஸ்டர் முதல் வேலையாகப் பேர்களைப் பாடமாக்கினார். வேலி பாய்கிறது வேலிபாய்ச்சி. தண்டவாளத்தில் போய்ப் படுத்து ரயிலை நிறுத்தியது ரயில்காரி. மாதத்துக்கு ஒரு முறை மாட்டு டொக்டரை வரவழைப்பது ஊசிக்காரி. முதல் கன்றைக் கயிறு கட்டி இழுக்க வைத்தது கயித்துக்காரி. கன்றை நக்காமல் உதைத்துவிட்டுப் போனது வேண்டாவெறுப்பி. பத்து நாளில் முப்பத்தொரு பேர் மனதில் நின்றது. வகுப்பில் வரவு இடாப்பு வாசிப்பதுபோல அவர் ஒரு காலையில் அவற்றை வரிசையாகச் சொல்லிக் காட்டினார்.

"நல்ல ஞாபகம்" என்றார் உதுமாலெவ்வை.

"மிச்சம் பன்னிரண்டுக்கும் பேர் சொல்லவில்லையே?"

"அதெல்லாம் நாம வைக்கிறல்ல சேர். தானா வரும். ரெண்டு கன்று போடுறதுக்குள்ள ஏதாவது செஞ்சு ஒரு பேர வாங்கிக்கும்."

புல்லுக்கட்டை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்.

"எங்கட வகுப்புல எத்தின பேர் சேர்?"

"முப்பத்தெட்டு."

"சொல்லுங்க பாப்பம்."

மாஸ்டர் உற்சாகமாகத் தொடங்கினார். உதுமாலெவ்வை, சித்தீக், கோணலிங்கம், மற்ற சித்தீக், ஜன்னல் உடைத்த பரமானந்தம். நஸீராவோடு பதினொன்றில் நின்றது.

"எல்லாம் நீங்க அடிச்ச ஆக்கள்" என்றார் உதுமாலெவ்வை.

"இல்லையே. நஸீரா வகுப்பில் முதலாம் பிள்ளை. அவளை ஒருநாளும் அடித்ததில்லை."

"சரி. அதுல ஒரு ஆள் தப்பிட்டா."

மாரி தொடங்கியது. மாஸ்டர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் நடக்கப் பழகினார். மழைக்கோட்டுக்குள் வியர்த்தது. அட்டை கடித்தது. வீட்டுக்குப் போனால் தவமணி கிணற்றடியில் வைத்தே குளிக்கச் சொல்லி, பிறகுதான் உள்ளே விட்டார்.

பட்டியில் நின்ற காளையைப் பார்க்கும்போதெல்லாம் மாஸ்டருக்குக் குறையாக இருந்தது. நீளமான உடம்புதான். ஆனால் தலை சிறிசு, தோள் ஒடுக்கம்.

"இதைவிடப் பெரிய காளை கிடைக்கவில்லையா?" என்று ஒருநாள் கேட்டார்.

உதுமாலெவ்வை தண்ணீர்ச் செம்பைக் கவிழ்த்து வெறுமையாக்கினார். மரத்தடியில் கிடந்த விளாம்பழம் ஒன்றை எடுத்து, இரண்டையும் மாஸ்டரிடம் கொடுத்தார்.

"பழத்த உள்ளுக்குப் போடுங்க."

மாஸ்டர் போட்டுப் பார்த்தார். செம்பின் கழுத்தில் பழம் நின்றுவிட்டது.

"போகாது."

"போகாட்டிக் கவலையில்ல. வெளிய நிக்கிற பழம்தானே. உள்ளுக்கிருந்து வளந்துட்டு வெளிய வர ஏலாட்டித்தான் கவலை."

மாஸ்டர் செம்பை வைத்துக்கொண்டு நின்றார். செத்துப்போன மூன்று பசுக்களும் எந்தப் பக்கம் தலை வைத்துக் கிடந்தன என்பது அவருக்கு நினைவிருந்தது.

தை பிறந்ததும் கன்றுகள் விழத் தொடங்கின. நரிக்குப் பயந்து, இருட்டும்போது கன்றுகளைத் தனிக் கொட்டிலில் அடைப்பார்கள். விடிந்ததும் தாயிடம் விட்டு, பசுக்கள் மேயப் போகும்போது மறுபடி அடைப்பார்கள். அதனால் மாஸ்டர் பெரும்பாலும் பசுக்களைத் தனியாகத்தான் பார்த்தார். பார்த்தவற்றுள் அவர் கண் ஒன்றிலேயே போய் நின்றது. அதன் பேர் சீமாட்டி. சிவப்புத் தோல் எண்ணெய் பூசியதுபோல மினுங்கும். அலைதாடி தொங்கி ஆடும். தண்ணீருக்குப் போகும்போது எல்லாவற்றையும் இடித்துக்கொண்டு முன்னால் நடக்கும்.

மாசி மாதம் ஒருநாள் மாஸ்டர் சொன்னார்.

"நல்ல பசு எதுவென்று எனக்குத் தெரிந்துவிட்டது."

"எது?"

"சீமாட்டி."

உதுமாலெவ்வை கன்றுக் கொட்டிலின் படலையைத் திறந்துவிட்டார். கன்றுகள் பிய்த்துக்கொண்டு ஓடின. ஒவ்வொன்றும் தன் தாயைத் தேடி முட்டியது. பட்டி முழுக்க வால்கள் ஆடின. சீமாட்டி மட்டும் நடுவில் தனியாக நின்று காதை அசைத்தது. அதனிடம் ஒரு கன்றும் போகவில்லை.

"அதன் கன்று எங்கே?"

"கொம்பப் பாருங்க."

மாஸ்டர் கிட்டப்போய்ப் பார்த்தார். கொம்பின் நடுவில் இரண்டு வளையங்கள் வரம்பு கட்டியதுபோலச் சுற்றியிருந்தன. மற்ற இடமெல்லாம் வழுவழுப்பு.

"கன்று ஒண்டுக்கு வளையம் ஒண்டு. போடாத வருஷம் சும்மா வளரும். ரெண்டு போட்டுது. மூணு வருஷமா ஒண்டுமில்ல. பால் குடுக்கிற செலவில்லாட்டி யாரும் மினுங்கலாம்."

"அப்படியென்றால் ஏன் வைத்திருக்கிறீர்கள்?"

"தண்ணிக்கு வழி காட்டும். மத்ததெல்லாம் அதுக்குப் பின்னால போகும்."

மாஸ்டர் வெட்கப்பட்டார். ஆனால் பாடத்தைப் பிடித்துக்கொண்டார் என்றும் நினைத்தார். அதன் பிறகு அவர் கன்றுகளை மட்டும் பார்த்தார். எது கொழுத்தது, அது யாருடையது என்று பார்த்தார். ஆனி மாதத்துக்குள் ஒரு கன்று மற்ற எல்லாவற்றையும்விட ஒரு சாண் உயர்ந்து நின்றது. அதன் தாய், விலா எண்ணக்கூடியதாக, இடுப்பெலும்பு சாக்குக்குள் கலப்பை வைத்ததுபோலத் துருத்தி நின்றது. எலும்பி என்று பேர். தின்னும் புல்லையெல்லாம் பாலாக்கிக் கன்றுக்கே கொடுத்துவிடும் பசு அது. மாஸ்டருக்கு அதைப் பார்க்கக் கண் கலங்கும்.

"எலும்பிதான்" என்றார் உதுமாலெவ்வையிடம். "இனி எனக்குச் சந்தேகமில்லை."

உதுமாலெவ்வை தலையை ஆட்டினார். அது ஆமென்றதா இல்லையென்றதா என்று மாஸ்டருக்குப் பிடிபடவில்லை.

ஆவணியில் மடு வற்றியது. நடுப்பகலில் ஒருநாள் உதுமாலெவ்வை மாஸ்டரைக் கூப்பிட்டு ஒரு மூங்கிலின் நுனியைக் கையில் கொடுத்தார்.

"வாங்க சேர். உங்கட நல்ல பசு சேத்துக்குள்ள கிடக்குது."

எலும்பி தண்ணீர் குடிக்க இறங்கிய இடத்தில் விழுந்து, எழும்பச் சத்தில்லாமல் கிடந்தது. வயிற்றுக்குக் கீழே இரண்டு மூங்கில் கொடுத்து ஆறுபேர் தூக்கினார்கள். மாஸ்டரின் கழுத்துவரை சேறு. கரையில் படுக்க வைத்து நாலு நாள் தவிட்டுத் தண்ணீர் பருக்கினார்கள். ஐந்தாம் நாள் தானாக எழும்பியது. அந்த வருஷம் அது காளையிடம் நிற்கவேயில்லை. அடுத்த மாசியில் கன்றுகள் ஓடியபோது எலும்பியிடமும் ஒன்றும் போகவில்லை.

தூக்கிய அன்று, சேற்றைக் கழுவிக்கொண்டே மாஸ்டர் கேட்டார்.

"அப்படியானால் எலும்பி நல்ல பசு இல்லையா?"

"நல்ல பசுதான். வருஷத்துக்கு ஒருக்காத் தூக்க ஆறு ஆள் இருந்தா."

"என்னிடம் ஆள் இல்லை."

"அதான் சொன்னன்."

இரண்டாம் வருஷம் மாஸ்டர் தனக்குத் தெரிந்த வழியில் இறங்கினார். ஒவ்வொரு பசுவின் தாயும் தகப்பனும் எது என்று கேட்டுக் கணக்குப் போட்டார். நாட்டு மாடு எத்தனை பங்கு, சாகிவால் எத்தனை பங்கு. அரை, முக்கால், எட்டில் ஐந்து, பதினாறில் ஒன்பது. சாணி வாரும்போதுகூட உதடு அசைந்துகொண்டிருக்கும். ஒரு மழைநாளில் விடை கிடைத்துவிட்டதுபோல ஓடி வந்தார்.

"எட்டில் ஐந்துதான் சரியான பங்கு. வெயிலும் தாங்கும், உடம்பும் வைக்கும். நான் கணக்குப் பார்த்துவிட்டேன்."

"நல்லது சேர். எட்டுல அஞ்சு யாரு யாரு?"

"ஊசிக்காரி, வேலிபாய்ச்சி, வேண்டாவெறுப்பி, இன்னும் இரண்டு நாகு."

சொல்லிவிட்டு மாஸ்டர் தானே நிறுத்தினார். ஊசிக்காரி அப்போதும் ஊசி போட்டுக்கொண்டுதான் நின்றது.

"பங்கு கணக்கு சரிதான்" என்றார் உதுமாலெவ்வை. "ஆனா அது மாட்டுக்குத் தெரியா."

பிறகு சிரித்தார்.

"அந்தப் பின்னம் என்னய விடமாட்டன் எண்டு நிக்குது."

அதற்குப் பிறகு மாஸ்டர் கேள்வி கேட்கவில்லை. கேட்க ஒன்றும் மிஞ்சவில்லை என்றில்லை. எதைக் கேட்பது என்று தெரியவில்லை. மூன்று வருஷத்துக்கு ஒரு முறை வேறு பட்டியோடு காளை மாற்றுவார்கள். காளை தன் மகளோடு தானே சேராமல் இருக்க அது. அந்த மாற்றத்துக்கு உதுமாலெவ்வையோடு இரண்டு நாள் நடந்து போய், புதுக் காளையைக் கூட்டி வந்தார். முதல் கன்று போடும் நாகுகளின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு, அவசரப்பட்டு இழுக்காமல் நிற்கப் பழகினார். நாம்பன்களை ஏற்ற லொறி வந்த நாளில் வீட்டுக்குப் போகாமல் நின்று, ஒவ்வொன்றாக ஏறும்வரை தண்ணீர் காட்டினார்.

புரட்டாதி வந்தது.

தொடுகிற நாள் காலையில் தவமணி ஓட்டோவில் வந்து இறங்கினார். கையில் குடை. பெட்டிகள் இரண்டும் கயிறு போட்டுக் கட்டியாகிவிட்டன என்று முதல்நாளே சொல்லியிருந்தார். பஸ் நிலையத்துக்குப் பெட்டி ஏற்ற இதே ஓட்டோக்காரனை ஞாயிற்றுக்கிழமைக்கும் பேசி வைத்திருந்தார்.

"நான் அவசரப்படுத்தல்ல" என்றார் மாஸ்டரிடம். "மாட்டப் பாத்துட்டுச் சொல்றன். ஞாயிறு போறமா, நிக்கிறமா எண்டு."

"ஒரு மாட்டைப் பார்த்தா?"

"ஏழப் பாத்துட்டன். ஒண்டப் பாக்க எவ்வளவு நேரம் போகும்?"

உதுமாலெவ்வை சிரட்டையில் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டு வந்து நின்றார். வழக்கப்படி வாயைத் திறக்கவில்லை. பட்டியை மூன்று சுற்றுச் சுற்றலாம். மூன்றாவது சுற்று முடிவதற்குள் தொட வேண்டும்.

முதல் சுற்றில் மாஸ்டர் பேர்களோடு நடந்தார். ஒவ்வொரு பேரின் பின்னாலும் ஒரு கதை வந்தது. வேலிபாய்ச்சியைத் தேடிக் காட்டில் இரண்டு நாள் அலைந்தது. ரயில்காரிக்காக ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஏச்சு வாங்கியது. கயித்துக்காரியின் கன்றை இழுத்தபோது கை உரிந்தது. சீமாட்டி அவரை இடித்துவிட்டு முன்னால் போனது. எலும்பி இந்த வருஷம் தேறி, ஒரு சின்னக் கன்றுக்கும் தாயாக இல்லாமல் நின்றது. முப்பத்தொரு பேரும் முடிந்தது. ஒரு பேரிலும் கை எழும்பவில்லை.

இரண்டாம் சுற்றில் பேர் இல்லாதவற்றைப் பார்த்தார். எல்லாம் இளசுகளாகத் தெரிந்தன. கொம்பில் வளையம் இல்லாதவை, ஒன்று விழுந்தவை. இன்னும் ஒன்றும் செய்யாதவை. அவற்றுள் எது நாளைக்கு வேலி பாயும், எது கன்றை உதைக்கும் என்று யாருக்கும் தெரியாது.

வீரை மரத்தடியில் நின்றதையும் அவர் அப்படித்தான் கடந்து போனார். நாலு அடி போய்விட்டுத் திரும்பினார்.

மண்ணிறப் பசு. உயரமும் இல்லை, கட்டையும் இல்லை. அசைபோட்டுக்கொண்டு நின்றது. பக்கத்தில் அதன் கன்று காலை நீட்டிப் படுத்துத் தூங்கியது. கன்றும் பெரிசில்லை, சிறிசில்லை. மாஸ்டர் கிட்டப்போய்க் கொம்பைப் பார்த்தார். பிறகு விரலை வைத்து எண்ணினார்.

ஆறு வளையங்கள். ஒற்றைக் கோட்டுக் கொப்பியில் கோடு போட்டதுபோல, ஒன்றுக்கும் மற்றதற்கும் ஒரே இடைவெளி.

இன்னொரு தரம் எண்ணினார். ஆறுதான்.

இரண்டு வருஷம் அவர் இந்தப் பசுவைத் தினமும் பார்த்திருக்க வேண்டும். அதைப் பற்றி ஏதாவது ஒன்றை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். காட்டில் தேடியதா? இல்லை. சேற்றில் தூக்கியதா? இல்லை. ஊசி, கயிறு, டொக்டர், ஏச்சு, ஒன்றும் இல்லை. தண்ணீருக்கு அது முதலாவதாக வந்ததுமில்லை, கடைசியாக வந்ததுமில்லை. இது கன்று போட்ட நாளில்கூட அவர் வேறு எதனிடமோ நின்றிருக்கிறார். மடியைப் பார்த்தார். நாலு காம்பும் ஒரே அளவு. வயிற்றைப் பார்த்தார். பக்கம் லேசாகத் தடித்திருந்தது. ஏழாவது உள்ளே இருந்தது.

மூன்றாம் சுற்றுக்கு அவர் நடக்கவில்லை. கையை நீட்டினார்.

உதுமாலெவ்வையின் கையிலிருந்த சிரட்டை ஒரு கணம் பின்னால் போனது. பிறகு முன்னால் வந்தது.

மாஸ்டர் கையை நனைத்துப் பசுவின் இடுப்பில் வைத்தார். ஐந்து விரலும் வெள்ளையாகப் பதிந்தன. பசு ஒருதரம் திரும்பிப் பார்த்தது. பிறகு விட்ட இடத்திலிருந்து அசைபோட்டது.

"இதா?" என்றார் தவமணி.

"இதுதான்."

"அங்க மினுமினு எண்டு ஒண்டு நிக்குதே."

"அதற்குக் கன்று நிற்காது."

"சரி. இதுல என்ன விசேஷம்?"

மாஸ்டர் யோசித்தார்.

"ஒன்றுமில்லை" என்றார்.

"ரெண்டு வருஷம் சாணி வாரிப்போட்டு ஒண்டுமில்லை எண்டு சொல்றீங்க. பேராவது தெரியுமா?"

மாஸ்டருக்கு அதுவும் தெரியவில்லை. கை பட்டாயிற்று. இனிப் பட்டிக்காரர் பேசலாம். அவர் உதுமாலெவ்வையைப் பார்த்தார்.

"இதன் பேர் என்ன?"

"பேர் இல்ல சேர்."

"ஆறு கன்று போட்டிருக்கிறது. இரண்டு போடுவதற்குள் தானாகப் பேர் வந்துவிடும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?"

உதுமாலெவ்வை சிரட்டையில் மிஞ்சிய சுண்ணாம்பை மரத்தடியில் ஊற்றினார்.

"இதக் கூப்பிட வேண்டி வரல்லியே."

 தவமணி பசுவையும் தூங்கிக்கொண்டிருந்த கன்றையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குடையை மடக்கி, படலையடியில் காத்துக்கொண்டிருந்த ஓட்டோக்காரனிடம் போய், ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம் என்றார்.